வடிகட்டிகளும் வடிகாலும்

காரின் இயந்திரம் நெடுநாள் உழைக்கத் தூய காற்றும் தூய எண்ணெயும் தேவை. காற்று வடிகட்டி, இயந்திரத்திற்குள் செல்லும் காற்றிலுள்ள தூசியைத் தடுக்கிறது. எண்ணெய் வடிகட்டி, எண்ணெயில் கலக்கும் உலோகத் துகள்களையும் கரியையும் பிடித்துக்கொள்கிறது.

காற்று வடிகட்டியை நாமே மாற்றலாம். முதலில் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும். பிறகு, காரின் முன்மூடியைத் திறந்து, வடிகட்டிப் பெட்டியின் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். பழைய வடிகட்டி இருந்த விதத்தைக் கவனித்து, புதியதை அதேபோல் பொருத்தி மூட வேண்டும்.

எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றுவது அவ்வளவு எளிதன்று. சூடான எண்ணெய் கையைச் சுட்டுவிடும். சரியாகத் தாங்கி நிறுத்தாத காரின் அடியில் புகுவது உயிருக்கே ஆபத்து. வடித்தெடுத்த பழைய எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வியும் எழும்.

அதை வடிகாலில் கொட்டலாமா? கூடவே கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதியாகும். தேக்கா வட்டாரத்தின் மழைநீர், ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. கடல்நீரைத் தடுத்து, நகரின் நடுவே நன்னீரைத் தேக்க அது உதவுகிறது. அந்த நீரே சுத்திகரிக்கப்பட்டு நம் வீட்டுக் குழாய்களுக்கும் வருகிறது.

ஆகவே, எண்ணெய் மாற்றும் வேலையைப் பணிமனையிடம் ஒப்படைப்பதே நன்று. அங்குச் சேரும் பழைய எண்ணெயை உரிமம் பெற்ற நிறுவனங்கள் முறையாக அகற்றும். காரைப் பேணும் நாம், குடிக்கும் நீரையும் பேண வேண்டுமல்லவா?