வம்பு எதற்கு?

கேள்வி: சாதி, இனம், பண்பாடு பற்றிப் பேச எங்கள் கல்லூரியில் மாணவர் வட்டம் தொடங்க ஆசை. ‘வம்பு எதற்கு?’ என்கிறார்கள் பேராசிரியர்கள். தொடங்கலாமா? (மாணவி, திருப்பூர்)

பதில்: தொடங்குங்கள். வம்பும் வரலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-ல் மாணவர்கள் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை, ஒரு மொட்டைக் கடிதப் புகாரைத் தொடர்ந்து 2015 மே மாதம் நிர்வாகம் பறித்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பவே, ஜூனில் திருப்பிக் கொடுத்தது. அதுவரை அந்த வட்டத்தின் பெயரையே கேட்டிராதவர்களுக்கும் அறிமுகம் செய்துவைத்த புண்ணியம் நிர்வாகத்துக்கே!

உங்கள் ஊரில் பேச வேண்டியது நிறைய. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச்சில் பொறியியல் மாணவர் சங்கர், சாதி மாறி மணந்ததற்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உங்கள் மாவட்டம்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவ, பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தது. உள்ளூர்க்காரர்களும் வடமாநிலத்தவரும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் அருகருகே தைப்பவர்கள்தான்; ஆனால் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப் சொன்னது.

முதல் கூட்டத்துக்குப் பேச்சாளர் வேண்டாம். ஒரு பீகார் தொழிலாளியையும் ஒரு உள்ளூர் டெய்லரையும் கூப்பிடுங்கள். இந்தி தெரிந்த தோழி மொழிபெயர்க்கட்டும். ஞாயிறு மாலை வையுங்கள், மற்ற நாளில் அவர்களுக்கு ஓய்வேது?