ஐந்து நாள் பூட்டியிருக்கும் வீடு

ஆனைமலை, ஆழியாறு பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு கட்டுகிறவர்களுக்கு உள்வேலை செய்து கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் போன் நிறையப் படங்களோடு வருவார்கள். மூங்கில் ஊஞ்சல், பிரம்பு நாற்காலி, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. படங்களைப் பார்ப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை நாள் இந்த வீடு பூட்டியிருக்கும்? பெரும்பாலும் ஐந்து நாள் என்பார்கள். அப்படியானால் அந்த ஐந்து நாளுக்குத்தான் முதலில் திட்டம் போட வேண்டும். ஆள் இருக்கும் இரண்டு நாளைச் சமாளிப்பது பெரிய வேலையில்லை.

பூட்டிய வீட்டுக்கு முதல் விருந்தாளி பூஞ்சணம். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்துவிட்டால் செப்டம்பர்வரை காற்றில் ஈரம்தான். எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஊருக்குப் போனால், அடுத்த சனிக்கிழமை அலமாரித் துணியில் முடை நாற்றம் அடிக்கும். பிரம்பில் வெள்ளை படிந்திருக்கும். ஆகவே மூடவே முடியாத திறப்புகள் சில இருந்தாக வேண்டும். சுவரின் மேல்பகுதியில் எதிரெதிராக வென்டிலேட்டர், அதில் துருப்பிடிக்காத எஃகு வலை. சமையலறையிலும் குளியலறையிலும் செங்கல் ஜாலி. கேரளத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளில் பல இடங்களில் ஜன்னலின் வேலையை ஜாலிதான் செய்கிறது, செலவும் குறைவு. ஆனால் இந்தப் பக்கத்தில் மேற்குச் சுவரில் ஜாலி வைக்காதீர்கள், சாரல் நேராகக் கட்டிலுக்கு வரும்.

அலமாரிக்குக் கதவு வேண்டாம், திறந்த தட்டே போதும் என்பேன். கேட்கமாட்டேன் என்பவர்களுக்குச் சாய்வுப் பட்டிகள் வைத்த கதவு. அடியில் பெட்டி வைத்த கட்டில் நகரத்து அபார்ட்மென்ட்டுக்குச் சரி. தோப்பில் தேளும் தவளையும் அதற்குள் குடியேறிவிடும். நான்கு கால் கட்டில், கீழே துடைப்பம் நுழையும் உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. மெத்தை இலவம்பஞ்சாக இருந்தால் வெயிலில் போட்டுத் தட்டி எடுக்கலாம். விருந்தாளிகளுக்குக் கயிற்றுக் கட்டில் இரண்டு வாங்கி நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். வெறுங்காலும் ஈரக்காலும் செம்மண்ணுமாக நடக்கிற வீட்டில் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் வழுக்கும். ரெட் ஆக்சைடு தரை காலுக்குக் குளிர்ச்சி, கறையும் தெரியாது. ஆனால் கை தேர்ந்த கொத்தனார் வேண்டும். ஓர் அறையை ஒரே மூச்சில் தேய்த்து முடித்து, ஒரு வாரமாவது நீர் கட்டி வைக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல். சிமென்ட், மணல், வண்ணப்பொடி கலந்து கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பார்கள், சூளையில் வைப்பதில்லை. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது, பிறகு நடக்க நடக்கக் கூடுவது. எலுமிச்சைச் சாறு சிந்தினால் தடம் விழும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறமே போய்விடும். அதனால் சமையல் மேடையடியில் மட்டும் கடப்பாக் கல் போட்டுவிடுவேன். எந்தத் தரையானாலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழாயும், சொரசொரப்பான கல்லும், செருப்பு வைக்க மேடையும் இல்லையென்றால் பயனில்லை. டார்ச்சுக்கு ஓர் ஆணியும் அங்கேயே. கதவடியில் இடுக்கு விடாமல் நிலைப்படி வையுங்கள். பாம்புக்கு ஒரு விரல் சந்து போதும்.

கூரைக்கு மங்களூர் ஓடு கேட்பவர்கள் அதிகம். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு, இன்றும் அதற்கு ஈடில்லை. மேல் ஓட்டுக்குக் கீழே சீலிங் ஓடும் சேர்த்துப் போட்டால் சூடு இறங்குவது குறையும். இரண்டு ஓட்டுக்கும் இடையிலுள்ள சந்தை ஓரங்களில் வலை வைத்து அடைக்காவிட்டால் மரநாய் குட்டி போட்டுவிடும். அங்கங்கே கண்ணாடி ஓடு செருகினால் பகலில் விளக்கே வேண்டாம். சொந்தத் தோப்பில் வயதான தென்னை விழுந்தால் விறகாக்காதீர்கள். வெளிப்புறத்து வைரம் மேசைக்கும் தட்டுக்கும் அருமையான பலகை. நடுப்பகுதி சோறு மாதிரி இருக்கும், அதை ஆசாரியே ஒதுக்கிவிடுவார்.

பெரிய கண்ணாடி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒரு தோப்பில் சட்டம் அளந்துகொண்டிருந்தபோது, பார்த்துக்கொள்ளும் குடும்பத்து அம்மா சொன்னார்: “ஏனுங்கக்கா, இத்தாப் பெரிய கண்ணாடி வெச்சா மயிலு சும்மா உடுமுங்களா?” உண்மைதான். சேவல் மயில் தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருக்கும். கண்ணாடி வேண்டுமானால் ஆழமான தாழ்வாரத்துக்குள், சிறு சிறு துண்டுகளாக, கிழக்கிலும் வடக்கிலும் வையுங்கள். அதைவிட நல்லது தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கும் கம்பி ஜன்னல், அடியில் ஓர் ஆள் சாய்ந்து உட்காரும் அகலத்தில் திண்டு. படுத்திருந்தால் கூட மரத்தடி தெரியும்.

இலங்கையில் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கிய லுணுகங்கா தோட்டத்தில், பொழுதுக்கு ஓர் இடமாக உட்காரும் இடங்கள் சிதறிக் கிடக்கும். நான் அதைத்தான் சின்ன அளவில் திருடிக்கொள்கிறேன்: காலைக் காப்பிக்குக் கிழக்குத் திண்ணை, மத்தியானத்துக்கு ஆசாரம், மாலைக்குப் பின்கட்டு. மூன்றும் அமைந்துவிட்டால் சோபா செட் தேவைப்படுவதில்லை. தோப்புக்குள் வீடு கட்டிவிட்டு ஹாலில் மணி பிளான்ட் தொட்டி வைக்கச் சொல்பவர்களிடம் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

விளக்கு மஞ்சளாக இருக்கட்டும். வெள்ளை எல்.இ.டி. விளக்குக்கு ஈசலும் வண்டும் அதிகம் வரும். வாசல் விளக்கைக் கதவுக்கு மேல் வைக்காமல் பத்தடி தள்ளிக் கம்பத்தில் வைத்தால், கதவு திறக்கும்போது அவை உள்ளே வருவது குறையும்.

வாரநடுவில் வீட்டைத் திறந்து காற்றாட விடுவது தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். அவர்களைக் கேட்காமல் வரைபடத்தை முடிக்காதீர்கள். அதே அம்மாவிடம் கேட்டேன். “திண்ணையில ஒரு பிளக் மட்டும் வெச்சுக் குடுங்கக்கா. போன் சார்ஜ் போடறதுக்குப் பூட்டத் தொறக்க வேண்டியதில்லீங்க” என்றார். அன்றைக்கே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிட்டோம், கூடவே துடைப்பமும் ஏணியும் வைக்க வெளிப்பக்கம் ஒரு சின்ன அறையும்.