சுறா வராத சுறா படம்

கேள்வி: 'ஜாஸ்' படத்தை மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். "ரப்பர் சுறா!" என்று அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கோ, ஒரு மணி நேரமாகியும் சுறாவைச் சரியாகக் காட்டவில்லையே என்று எரிச்சல். இதையா உலகமே கொண்டாடுகிறது?

பதில்: மகன் சொல்வது சரி. கடைசியில் படகின் மேல் ஏறி விழும் அந்தச் சுறா பொம்மைதான், இன்று ஒருவரையும் ஏமாற்றாது. ஆனால் உங்களுக்கு எரிச்சல் தந்த விஷயம்தான் படத்தின் உயிரே.

1974இல் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் படமெடுக்கப் போனபோது இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு வயது 27. கொண்டுபோன இயந்திரச் சுறா உப்புத் தண்ணீர் பட்டதும் அடிக்கடி படுத்துவிட்டது. 55 நாள் என்று திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா இல்லாமல் எப்படிப் பயமுறுத்துவது? தண்ணீர் மட்டத்தில் கேமரா, சுறா இழுத்துக்கொண்டு விரையும் மஞ்சள் பீப்பாய், ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரம். மிச்சத்தை நம் கற்பனை பார்த்துக்கொள்கிறது.

எனக்குப் பிடித்த காட்சியில் சுறாவே கிடையாது. இரவு, படகு, மூன்று ஆண்கள்; 1945இல் மூழ்கிய இண்டியானாபோலிஸ் போர்க்கப்பலின் கதையைச் சுறா வேட்டைக்காரன் க்விண்ட் சொல்கிறான். க்விண்டாக நடித்த ராபர்ட் ஷாவின் அந்தச் சிரிப்பு! அதற்கே டிக்கெட் காசு சரி.

படத்துக்கு ஆஸ்கர் மூன்று: எடிட்டிங், இசை, ஒலி. மகனைத் தூங்கவைத்துவிட்டு, விளக்கை அணைத்து, சத்தத்தைக் கூட்டி இன்னொரு முறை பாருங்கள். அடுத்து வந்த மூன்று பாகங்கள் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.