சொட்டுநீர் பிரஷர் கேஜ்: முள் சொல்வதை நம்பலாமா?

ஜீவாமிர்தத்தைச் சொட்டுநீரில் விடுகிற நமக்கு ஃபில்டர் அடைப்பு புதுசு இல்லை. ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள கேஜ்களைப் பார்த்து, வித்தியாசம் அரை கிலோவை எட்டினால் கழுவிவிடுவோம். ஆனால் கேஜே பொய் சொன்னால்? முள் ஒரு கிலோ காட்டும், கடைசி வரிசை வாழை வாடிக் கிடக்கும். நாம் நோயைத் தேடிக்கொண்டிருப்போம்.

கேஜுக்குள் இருப்பது அரைவட்டமாக வளைந்த ஒரு தட்டைக் குழாய், அவ்வளவுதான். அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் நிமிரும், அது சின்னப் பல்சக்கரம் வழியாக முள்ளைத் திருப்பும். பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்தோன் 1849-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய உத்தி இது. அப்போது நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

கேட் வால்வைச் சட்டென்று மூடினால் தண்ணீர் திரும்பி அடிக்கும். அந்த அடியில் குழாய் நிரந்தரமாக நிமிர்ந்துவிடும். மோட்டாரை நிறுத்தி, லைனில் தண்ணீர் வடிந்த பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால் இதுதான் காரணம். பூஜ்யத்தில் நின்றாலும் உடனே நம்பிவிட வேண்டாம். நிறைய கேஜ்களில் அங்கே ஒரு சின்ன ஆணி முள்ளைத் தடுத்து நிறுத்தும். குறைவாகக் காட்டும் கோளாறு அதில் மறைந்துவிடும்.

மோட்டார் ஓடினாலும் நின்றாலும் முள் அசையவில்லையா? அடித்துவாரத்தைப் பாருங்கள். இரும்புத்துரு, ஜீவாமிர்தக் கசடு, சில சமயம் மாட்டும்போது சுற்றிய டேப்பே உள்ளே போய் அடைத்திருக்கும். கழுவுங்கள், ஊசியை ஆழமாக விட்டுக் குத்தாதீர்கள். மாட்டும்போது முகப்பைப் பிடித்துத் திருகுவதும் தப்பு. கீழே உள்ள ஆறுமுகப் பகுதியில் ஸ்பேனர் போடணும். முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்கலாம். ஒரு கிலோவில் ஓடும் லைனுக்குப் பத்து கிலோ கேஜ் எதற்கு? இரண்டரை கிலோ வரை உள்ளது போதும்.

சோதிக்கச் செலவில்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு கிலோ அழுத்தம் தரும். முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டம் கீழ்க்குழாய்க்கு எட்டு மீட்டர் மேலே. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அங்கே கேஜை மாட்டினால் 0.8 காட்டணும்.

ஃபில்டருக்கு இரண்டு கேஜ் போடுவதை விட, இரண்டு பக்கமும் சின்ன வால்வு வைத்து ஒரே நல்ல கேஜை மாற்றி மாற்றி மாட்டுவது என் வழி. கேஜில் பிழை இருந்தாலும் இரண்டு அளவிலும் ஏறக்குறைய ஒரே பிழைதான், கழித்தால் போய்விடும். வங்கியில் கணக்கு நேர் பார்த்த பழக்கம்!

கடைசி சாட்சி டிரிப்பர்தான். ஒரு கிலோவில் மணிக்கு நாலு லிட்டர் விடும் சாதாரண டிரிப்பர், ஆறு நிமிடத்தில் 400 மில்லி தரணும். அழுத்தம் பாதியானால் 280 மில்லிதான் வரும். வரிசைக் கடைசியில் ஒரு டம்ளர் வைத்து அளந்து பாருங்கள். அங்கே குறைந்து, முதல் டிரிப்பரில் சரியாக வந்தால் கோளாறு கேஜில் இல்லை, லேட்டரலில்.