வெட்டாமல் கழற்றுவோம்

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் பெரியோர் வாக்கு. இம்முதுமொழியின் உண்மையை நான் எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை; எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்குக்கு அடியில் கற்றேன். அங்கே கற்ற பாடத்தை என் தோழியருக்கும் சொல்ல வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரையாயிற்று.

ஒரு நாள் இரவு அத்தை வீட்டிலிருந்து அப்பாவும் நானும் திரும்பிக் கொண்டிருந்தோம். ஊரை அடைய இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. தெரு விளக்கு இல்லாத சாலை. திடீரென வண்டியின் முகப்பு விளக்கு இருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்து போயிற்று. கண்ணெதிரே இருந்த சாலை ஒரு நொடியில் காணாமற் போனது. அப்பா மெல்ல வேகத்தைக் குறைத்து, ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். நாங்கள் இறங்கி நின்ற சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து ஒரு லாரி பெருவேகத்தில் கடந்து சென்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. என் கையை மட்டும் இறுகப் பிடித்துக் கொண்டார். மீதித் தூரம் முழுவதும் வண்டியைத் தள்ளிக் கொண்டே வீடு சேர்ந்தோம்.

மறுநாள் காலை மெக்கானிக் வேலை பார்க்கும் என் சித்தப்பா வந்தார். டாங்கைக் கழற்றியதும், அதன் அடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தார். டேப்பைப் பிரித்தபோது அது பசைபோல் இளகியிருந்தது. உள்ளே இரண்டு ஒயர்கள் முறுக்கிச் சேர்க்கப்பட்டு, செம்பு கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. அருகிலேயே இன்னும் ஐந்து முடிச்சுகள்! சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் ஹேண்டில்பாரின் சுவிட்சை மாற்றியிருந்தோம். புதிய சுவிட்சின் கப்ளர் பழைய வண்டிக்குப் பொருந்தவில்லை. ஆகவே ஆறு ஒயர்களையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிட்டார்கள்.

“பார்த்தாயா அம்மா? கதவைத் திறக்கத் தெரியாமல் சுவரை இடித்திருக்கிறார்கள்” என்றார் சித்தப்பா.

கதவு எங்கே இருக்கிறது, அதை எப்படித் திறப்பது என்பதை அன்று அவர் எனக்குக் கற்றுத் தந்தார்.

கப்ளர் என்பது யாது?

மோட்டார் சைக்கிளில் விளக்கு, ஹார்ன், சுவிட்சு, பாட்டரி ஆகியவற்றை இணைக்கும் ஒயர்கள் ஒரே நீளமாக ஓடுவதில்லை. கழற்றிப் பழுது பார்க்க வசதியாக, இடையிடையே இணைப்புகள் வைக்கப்பட்டுள்ளன. இவற்றையே மெக்கானிக்குகள் கப்ளர் என்றும் கனெக்டர் என்றும் அழைப்பர்.

கப்ளரில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, நாம் வெளியே காணும் பிளாஸ்டிக் கூடு. மற்றொன்று, கூட்டின் அறைகளுக்குள் அமர்ந்திருக்கும் உலோக டெர்மினல். ஒவ்வோர் ஒயரின் நுனியிலும் ஒரு டெர்மினல் இறுக்கி நசுக்கப்பட்டிருக்கும். தட்டையான டெர்மினல்களில் 2.8 மில்லிமீட்டர் அகலமுள்ளவையும், 6.3 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழக் கால் அங்குல அகலமுள்ளவையும் மிகுதியாக வழங்குகின்றன. ஈயப்பற்று வைக்காமல் இவ்வாறு நசுக்கி இணைக்கும் முனைகளைப் பெருமளவில் செய்ய, 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விட்டேக்கர் என்பவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அவை தேவைப்பட்ட போர்க்காலம் அது. இடைவிடாது அதிரும் எந்திரங்களுக்கு ஏற்ற அந்த முறையே இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் இருக்கிறது.

ஒயரைப் பிடித்து இழுத்தால் டெர்மினல் வெளியே வருவதில்லை. ஏன்? டெர்மினலின் உடலில் ஒரு சிறு நாக்கு வெளிப்புறமாக வளைந்து நிற்கும். உள்ளே தள்ளும்போது அது மடங்கி வழிவிடும். உள்ளே சென்றதும் விரிந்து, கூட்டின் படியில் மாட்டிக் கொள்ளும். சில கப்ளர்களில் உலோக நாக்குக்குப் பதிலாக, கூட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் விரல் இருந்து டெர்மினலைப் பற்றிக் கொள்ளும். அந்த நாக்கையோ விரலையோ விலக்கிவிட்டால், ஒயர் டெர்மினலோடு முழுதாக வெளியே வந்துவிடும். நான் கதவு என்று குறிப்பிட்டது இதைத்தான்.

வெட்டினால் வரும் கேடு

வெட்டி முறுக்கினாலும் மின்சாரம் ஓடத்தானே செய்கிறது என்று சிலர் கேட்கலாம். ஓடுகிறது, ஆனால் எப்படி ஓடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எங்கள் வண்டியின் முகப்பு விளக்கு 35 வாட். பாட்டரி 12 வோல்ட். 35-ஐ 12-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்னோட்டம் என்று கிடைக்கிறது. முறுக்கிய இணைப்பு நாளடைவில் அதிர்வால் தளர்கிறது. காற்றும் ஈரமும் புகுந்து செம்பின் மேல் ஆக்சைடு படிகிறது. அவ்விடத்தில் அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டதாகக் கொள்வோம். ஓம் விதிப்படி 3-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிறது. விளக்குக்குக் கிடைப்பது 10.5 வோல்ட்தான். இழை விளக்கின் ஒளி வோல்ட்டைவிட வேகமாகக் குறையும் இயல்புடையது. ஆகவே எட்டில் ஒரு பங்கு வோல்ட் குறையும்போது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடுகிறது.

வீணான மின்சாரம் எங்கே போயிற்று? அது வெப்பமாக மாறியது. 1.5 வோல்ட்டை 3 ஆம்பியரால் பெருக்கினால் 4.5 வாட். ஒரு விரல்நுனி அளவு இடத்தில் இவ்வளவு வெப்பம் பிறந்தால் டேப் இளகாமல் என்ன செய்யும்? வெப்பம் ஏறினால் ஆக்சைடு பெருகும். ஆக்சைடு பெருகினால் தடை கூடும். தடை கூடினால் வெப்பம் மேலும் ஏறும். இப்படியே வளர்ந்து ஒரு நாள் இணைப்பு அறுந்து போகும். எங்களுக்கு அது இரவில், நடுச் சாலையில் நேர்ந்தது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

முதலில் சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்ற வேண்டும். ஏன் எதிர்மின் முனையை முதலில்? இன்றைய வண்டிகளில் அம்முனை வண்டியின் சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. அது இருக்கும்போதே நேர்மின் முனையைக் கழற்றப் போய், ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். பெட்ரோல் டாங்கு அருகிலேயே இருக்கிறது என்பதை மறக்கலாகாது! திரும்பப் பொருத்தும்போது எதிர்மின் முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

அடுத்து, கப்ளரின் படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்த அறையில் எந்த நிற ஒயர் என்று குறித்துக் கொள்ள வேண்டும். நிறங்களின் பொருள் வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டா வண்டிகளில் பச்சை ஒயர் எர்த் ஆகும். யமஹா வண்டிகளில் கறுப்பு ஒயர் எர்த் ஆகும். ஆகவே ஊகத்தை நம்பாமல் படத்தை நம்புவதே நலம்.

கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதற்கென்றே கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் சித்தப்பா என் தலையிலிருந்த கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கினார்! அதை நிமிர்த்தி, நுனியை அரத்தால் தேய்த்துத் தட்டையாகவும் மெல்லியதாகவும் ஆக்கினார். கருவி தயாராகிவிட்டது.

கழற்றும் முறை

1. கப்ளரின் இரு பாதிகளையும் பிரிக்க வேண்டும். வெளிப்புறக் கொக்கியை அழுத்திக் கொண்டு, கூட்டைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

2. மண்ணையும் பழைய கிரீஸையும் தூரிகையால் துடைக்க வேண்டும். நாக்கின் அருகில் மண் அடைத்திருந்தால் அது மடங்காது.

3. இரண்டாவது பூட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். புதிய கப்ளர்கள் பலவற்றில், எல்லா டெர்மினல்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு தனிப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். பெரும்பாலும் அது வேறு நிறத்தில் இருக்கும். முதலில் அதை விலக்க வேண்டும்.

4. கப்ளரின் முகப்பக்கத்தை, அதாவது மற்றப் பாதியோடு சேரும் பக்கத்தை, டார்ச் வெளிச்சத்தில் உற்று நோக்க வேண்டும். டெர்மினலுக்கு மேலோ கீழோ ஒரு மெல்லிய இடுக்குத் தெரியும். நாக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

5. முதுகுப்பக்கம் வெளிவரும் ஒயரைப் பிடித்து, முகப்பக்கம் நோக்கி மெல்ல உள்ளே தள்ள வேண்டும்.

6. அப்படித் தள்ளிய நிலையிலேயே, கருவியை இடுக்கில் நேராகச் செலுத்தி நாக்கை டெர்மினலோடு படியும்படி அழுத்த வேண்டும். பிளாஸ்டிக் விரலாக இருந்தால் டெர்மினலிலிருந்து மயிரிழை அளவு விலக்கினால் போதும். மிகுதியாக நெம்பினால் விரல் ஒடிந்துவிடும். பிறகு கூடு பயன்படாது.

7. கருவியை எடுக்காமல் ஒயரை முதுகுப்பக்கமாக மெதுவாக இழுத்தால், டெர்மினல் வழுக்கிக் கொண்டு வெளியே வரும்.

இவற்றுள் ஐந்தாவது படியே உயிர்நாடி. முதல் ஒயரை நான் கழற்ற முயன்றபோது அப்படியைத் தவறவிட்டேன். பல்லைக் கடித்துக் கொண்டு இழுத்தேன், வரவில்லை. கொண்டை ஊசிதான் வளைந்தது. சித்தப்பா சிரித்தார்.

“நீ இழுக்க இழுக்க அந்த நாக்கு படியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும் அம்மா. முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளு. அதன் பாரத்தை இறக்கு. அப்புறம் பார்.”

தள்ளினேன்; அழுத்தினேன்; இழுத்தேன். ஒயர் எவ்வித எதிர்ப்புமின்றி என் கைக்கு வந்துவிட்டது. மீதி ஐந்தையும் கழற்றக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

திரும்பப் பொருத்துதல்

கழற்றிய டெர்மினலில் பச்சை நிறக் களிம்பு இருந்தால் ஈரம் புகுந்ததென்று பொருள். கூடு பழுப்பேறியிருந்தால் அது சூடுபட்டதன் அடையாளம். களிம்பைத் துப்புரவுத் திரவமும் தூரிகையும் கொண்டு நீக்கலாம். உப்புத்தாளால் அழுந்தத் தேய்த்தால் மேலே பூசியுள்ள வெள்ளீயமும் போய்விடும்.

எங்கள் பழைய கூட்டில் விரல் நீளத் துண்டு ஒயர்களே மிஞ்சியிருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய சுவிட்சின் ஒயர்களுக்குப் புதிய டெர்மினல்களைச் சித்தப்பா நசுக்கிப் பொருத்தினார். டெர்மினலில் இரண்டு இணைச் சிறகுகள் உண்டு. முன்னிணை செம்பைப் பற்றும். பின்னிணை மேலுறையைப் பற்றி அதிர்வைத் தாங்கும். ஈயப்பற்று வைத்தால் என்ன என்று கேட்டேன். ஈயம் செம்பு இழைகளுக்குள் ஊறி ஒயரை விறைப்பாக்கும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வினால் ஒயர் ஒடியும் என்று விளக்கினார்.

நாக்கு படிந்து போயிருந்தால், அதைச் சற்றே வெளிப்புறம் நிமிர்த்திவிட்டு டெர்மினலை உள்ளே தள்ள வேண்டும். ‘டிக்’ என்ற ஓசை கேட்கும். பிறகு ஒயரை இலேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் சரியாக அமர்ந்தது என்று பொருள். இரண்டாவது பூட்டு இருந்தால் அதையும் மறவாமல் மாட்ட வேண்டும்.

இம்முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டோடு நுழையாத ஒயர்களை, கூட்டைக் கழற்றிவிட்டால், ஒவ்வொன்றாகச் சட்டத்தின் குறுகிய துளை வழியே செலுத்திவிடலாம். பல வேளைகளில் அவசரப்பட்டு ஒயரை வெட்டுவது இந்த இடத்தில்தான்.

ஒயரே உள்ளுக்குள் கருகி விறைத்துப் போயிருந்தால் கருகிய பகுதியை வெட்டத்தான் வேண்டும். வெட்டுவதே குற்றமன்று, அறியாமல் வெட்டுவதே குற்றம்.

இன்றைய வண்டிகளில் இவ்வறிவு முன்னைவிட மிகுதியாகத் தேவைப்படுகிறது. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் முகப்பு விளக்கு எரிகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதிலாக, சிறு கணினியால் இயங்கும் எரிபொருள் செலுத்தி வந்துவிட்டது. புகைக் குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரி பொதுவாக ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சைகையையே அக்கணினிக்கு அனுப்புகிறது. இணைப்பு விட்டு விட்டுத் தொட்டால் கணினியே ஏமாந்துவிடும்.

அன்று மாலை இருட்டியதும் அப்பா சாவியைத் திருப்பி வண்டியை ஓட விட்டார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. எஞ்சினை முறுக்கியும் வண்டியை உலுக்கியும் பார்த்தார், வெளிச்சம் அசையவில்லை. “ஏறிக்கொள், அத்தை வீட்டில் விட்டுவந்த பாத்திரத்தை வாங்கி வருவோம்” என்றார். புளியமரத்தைக் கடந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன்.

தோழியரே! பெரியவர் ஒருவர் துணையின்றி இவ்வேலையில் இறங்க வேண்டாம். ஆனால் வண்டி பட்டறைக்குப் போகும்போது, “ஒயரை வெட்டாமல் கழற்றுங்கள்” என்று சொல்ல நமக்குத் தெரிந்திருக்கட்டும். இழுத்தும் வராத ஒன்றை மேலும் பலங்கொண்டு இழுக்கும் முன், அது எதனால் பிடித்துக் கொண்டிருக்கிறது என்று ஒரு கணம் நோக்குவோம். ஒரு கொண்டை ஊசியும் சிறிது பொறுமையும் போதும், கதவு திறக்கும்.