நோயாளியின் அருகிலிருப்போருக்கு

மெலனோமா என்பது தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களில் உண்டாகும் புற்றுநோய். அது உடம்பில் பரவிவிட்டால், 2015 முதல் பலருக்கு இப்பிலிமுமாப், நிவோலுமாப் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்து, முதலில் 3 வாரத்துக்கொருமுறை 4 தடவை நரம்பில் ஏற்றுகிறார்கள். இவை உடம்பின் காவற்படையைக் கட்டவிழ்த்துவிடுகின்றன. அவிழ்ந்த படை நோயை மட்டுமன்றிச் சிலவேளை குடலையும் நுரையீரலையும் ஈரலையும் தாக்கும்.

ஆகையால் குடும்பத்தாரே, ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எத்தனை தடவை வயிற்றுப்போக்கு, இருமல் உண்டா, மூச்சிரைக்கிறதா என்று தேதியிட்டு எழுதி, அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கள். நோயாளி மறைக்கப் பார்ப்பார். சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம், வெட்கம் வேறு. (குடும்பத் தலைவர்கள் இதில் மகா பிடிவாதக்காரர்கள்.) கோபியாமல் மறுபடி கேளுங்கள். கைமருந்தால் போக்கைக் கட்ட வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், குணம் கண்டதும் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் இத்தொல்லை வரலாம். நோட்டுப் புத்தகம் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.