பிறந்த ஆண்டும் தலைமுறைக் கணக்கும்

இலக்கிய வரலாறு பயிலும் மாணவர், புலவர் ஒருவரின் காலத்தை அறிந்தவுடன் மறைந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து அவர்தம் வயதைக் கூறிவிடுகின்றனர். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பொறுத்தவரை இக்கழித்தல் அத்துணை எளிதன்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 63 ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்று நாம் கேட்டு வளர்ந்துள்ளோம். பாடநூலிலோ கி.பி. 571 – 632 என்று காண்கிறோம், கழித்தால் 61. இரண்டும் சரியே. ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கினது. 354 அல்லது 355 நாள்களே உடையது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் குறைவதால், 32 ஆங்கில ஆண்டுகளில் ஏறத்தாழ 33 ஹிஜ்ரி ஆண்டுகள் நிறைந்துவிடுகின்றன. ஷாஃபி மத்ஹபில் வயதால் பருவம் எய்தியதாகக் கொள்ளும் 15 ஆண்டும் பிறைக் கணக்கே. ஆங்கிலக் கணக்கில் 15 நிறைய ஐந்து மாதங்களுக்கு மேல் இருக்கும்போதே தொழுகையும் நோன்பும் கடமையாகிவிடும் என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹிஜ்ரி ஆண்டைக் கி.பி. ஆக்க ஒரு வழி உண்டு. அதனை 33ஆல் வகுத்து, வரும் ஈவை முழு எண்ணாக்கி, அவ்வாண்டிலிருந்தே கழித்து, 622ஐக் கூட்டுக. ஓராண்டு முன்பின்னாக அமையலாம். சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் காலம் ஹிஜ்ரி 1042 – 1115. 1042ஐ வகுத்தால் ஏறத்தாழ 32. கழித்துக் கூட்டினால் 1632. அவ்வாறே 1115க்கு 1703 கிடைக்கிறது. ஹிஜ்ரியில் 73 வயது; கி.பி.யில் 71. ஒரு நூலில் பிறப்பை ஹிஜ்ரியிலும் மற்றொன்றில் மறைவைக் கி.பி.யிலும் கண்டு இணைப்போர் இங்கேதான் இடறுவர்.

வயதினும் நுட்பமானது தலைமுறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களும், கண்டி அறிஞர் சித்திலெப்பையும் 1898ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். மறைந்த ஆண்டை மட்டும் நோக்குவோர் இருவரையும் ஒரு தலைமுறையினர் என்பர். ஆலிம் அவர்கள் பிறந்தது 1816. சித்திலெப்பை பிறந்தது 1838. இடையே 22 ஆண்டுகள், ஏறக்குறைய தந்தைக்கும் மகனுக்கும் உள்ள இடைவெளி. 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தபோது சித்திலெப்பைக்கு வயது 47. ஆலிம் அவர்களோ 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அரபுத்தமிழில் மார்க்கச் சட்டம் உரைத்தவர் ஒருவர். ‘முஸ்லிம் நேசன்’ இதழும் நாவலும் கண்டவர் மற்றவர். இவ்வேறுபாட்டுக்குக் கடல் இடையிட்டது மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. தலைமுறையும் காரணம் என்பது நம் கருத்து.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. கீழ்க்கட்டளை, ஏரிப் பாசனத்து ஊராயிருந்து இன்று நகரோடு கலந்துவிட்டது. இத்தகைய ஊர்களின் பழைய நிலப் பதிவுகள் பசலி ஆண்டைக் கூறும். அதனுடன் 590ஐக் கூட்டினால், அப்பசலி ஜூலையில் தொடங்கும் கி.பி. ஆண்டு கிடைக்கும். முதியோர் நினைவிலோ தமிழாண்டே நிற்கிறது. “பார்த்திப ஆண்டு தை மாதம் பிறந்தேன்” என்கிறார் ஒரு பெரியவர் எனக் கொள்வோம். பிரபவ முதலாக எண்ணினால் பார்த்திப 19ஆவது. 1926உடன் 19ஐக் கூட்ட 1945. ஆயினும் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை 1946இன் தொடக்கத்தில் வருவது. எனவே 2025 சித்திரையில் அவருக்கு 79 நிறைந்திருந்தது. ஹிஜ்ரிக் கணக்கில் 81. “எண்பது நடக்கிறது” என்று அவர் கூறினால் அதுவும் பிழையன்று. நிறைந்த வயதை நாமும் நடப்பு வயதை அவரும் சொல்கிறோம்.

பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் உத்தேசமாக எழுதிய தேதி இவற்றுள் எதனோடும் ஒத்துவராமல் இருப்பதும் உண்டு. இனி வருவோர்க்கு இந்தத் தொல்லை குறையும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கு ஆவணம்.

பெட்டியடியில் கிடைக்கும் பழைய கடிதத்தில் ‘பார்த்திப’ என்று மட்டும் இருந்தால், அது 1945ஆகவும் இருக்கலாம், 1885ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சி ஏறத்தாழ இரு தலைமுறையாதலின், எழுதியவர் பாட்டனாரா பேரனாரா என்பதை ஆண்டுப் பெயர் காட்டாது. கடிதத்தில் வரும் உறவுமுறைப் பெயர்களைக் கொண்டே அதனை முடிவு செய்யவேண்டும். அவ்வுறவுகளை அறிந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.